எதிரே நிற்பவனுக்காக ஒரு கையுறை

பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பொருளை வாங்கிக் கொடுப்பதில் பெற்றோர் அடையும் இன்பம் தனி இன்பம். புத்தகப் பை, மிதிவண்டி, பந்து, மட்டை என்று அந்தந்த வயதுக்கு ஏற்ப அவர்கள் கேட்பார்கள். நாமும் நம் வருவாய்க்கு ஏற்ப வாங்கித் தருவோம். வாங்கிய பொருள் சரியில்லை என்றால் என்ன ஆகும்? பை கிழியும், மிதிவண்டியின் சங்கிலி கழலும். நட்டம் நமக்கும் நம் பிள்ளைக்கும் மட்டுமே. ஆனால், நாம் வாங்கிக் கொடுத்த பொருளின் குறையை அடுத்த வீட்டுப் பிள்ளை தன் முகத்தில் ஏற்க நேர்ந்தால்? அப்படி ஒன்று எங்கள் குடும்பத்தில் நேர்ந்தது. பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் எவருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தினால் அதை இங்கே எழுதத் துணிகிறேன்.

எங்கள் குடியிருப்பு வடசென்னையில். இந்தப் பகுதிக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள உறவு பழைமையானது. ஆங்கிலேயரிடமிருந்து வந்த இக்கலையை இங்குள்ள உழைக்கும் மக்கள் தமக்கே உரியதாக ஆக்கிக்கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார்களின் வழிமுறைகளும் தோன்றின. 2021ஆம் ஆண்டு வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படத்தின் வழியாக இப்பெயர்களைத் தமிழகம் முழுவதும் அறிந்தது. எங்கள் தெருவில் அவை என் பாட்டனார் காலத்திலிருந்தே வழங்கி வந்த பெயர்கள்.

என் தந்தையார் போட்டிகளை விடாமல் பார்ப்பவர். 1980ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது, சிறுவனாயிருந்த என்னையும் அழைத்துச் சென்றார். மேடையில் நடந்தவை எனக்கு நினைவில்லை. கூட்டத்தின் ஆரவாரமும், என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்த தந்தையாரின் வியர்வை மணமும்தான் நினைவில் நிற்கின்றன. ஆயினும், குத்துச்சண்டை நமக்குத் தெரிந்த விஷயம் என்ற எண்ணம் அன்று முதலே என் மனத்தில் குடிகொண்டுவிட்டது. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வது கேடானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

என் மகனுக்கு 16 வயது ஆனபோது, எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகள் தள்ளி வசிக்கும் தன் நண்பனோடு சேர்ந்து ஒரு வாத்தியாரிடம் குத்துச்சண்டை பயிலத் தொடங்கினான். இருவரும் பாலர் வகுப்பிலிருந்தே இணைபிரியாதவர்கள். ஒருவன் வீட்டில் இல்லையென்றால் மற்றவன் வீட்டில் இருப்பான் என்று எண்ணி நாங்கள் தேடுவதையே விட்டுவிட்டோம். நண்பனின் தந்தை துறைமுகத்தில் பணிபுரிகிறார். தாய் வீட்டில் தையல் இயந்திரம் வைத்து இரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்.

வாத்தியாரின் பயிற்சிக் கூடம் ஒரு சந்துக்குள் தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. முதல் மூன்று மாதங்கள் அவர் பிள்ளைகளைக் கையுறை அணியவே விடவில்லை. கயிறு தாண்டுதல், கால் எடுத்து வைத்தல், கண்ணாடி முன் நின்று வெறுங்காற்றில் குத்திப் பழகுதல், இவ்வளவுதான். அதன் பின்னர் கூடத்துக்குச் சொந்தமான பழைய கையுறைகளைக் கொடுத்தார். பல பேர் அணிந்து அணிந்து வியர்வை ஊறிப்போனவை அவை. மகன் வீட்டுக்கு வந்தால் கைகளில் அந்த வாடை வீசும்.

“யார் யாரோ போட்டுக் கழற்றியதற்குள் பிள்ளை கையை விடுவதா? சொறி சிரங்கு வந்தால் யார் பார்ப்பது? சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்” என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மகனை அழைத்துக்கொண்டு பெரியமேட்டுக்குச் சென்றேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். “போட்டிக்கா, பயிற்சிக்கா, சார்?” என்று கேட்டார். பயிற்சி தொடங்கி ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. ஆயினும், முகம்மது அலியைத் தோள்மேல் இருந்து பார்த்தவன் அல்லவா நான்? “போட்டிக்குத்தான்” என்றேன். அவர் 10 அவுன்ஸ் எடையுள்ள கருநிறக் கையுறை ஒன்றை எடுத்து வைத்தார். ரெக்சினால் ஆனது; விலை 900 ரூபாய். அதன் அருகில் 16 அவுன்ஸ் எடையில் தோலினால் ஆன மற்றொன்று இருந்தது. விலை 3,500 ரூபாய். தலையணையைப் போல் உப்பியிருந்த அது எனக்குச் சற்றுக் கேலிக்குரியதாகவே தோன்றியது. போட்டியில் 10 அவுன்ஸ் அணியப் போகிறவன் பயிற்சியில் எதற்காக அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்? இலேசானதை அணிந்தால் கை விரைந்து செல்லும். விரைந்து சென்றால் வெற்றி கிட்டும். இதுதான் என் கணக்கு.

மகன் கருநிறக் கையுறையை மாட்டிக்கொண்டு காற்றில் நான்கு குத்து விட்டான். முகம் மலர்ந்தது. “ஸ்பாரிங் செய்வதாக இருந்தால் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சார்” என்றார் கடைக்காரர். இருவர் எதிரெதிரே நின்று அளவோடு அடித்துப் பழகும் பயிற்சிச் சண்டையை ஸ்பாரிங் என்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் 3,500 ரூபாய் ஆகிவிடும் என்ற உள்ளுணர்வும் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, “மூட்டையை அடிக்க இது போதும். ஸ்பாரிங்குக்குக் கூடத்தில் இருப்பதைத்தான் போட வேண்டும்” என்று மகனிடம் சொல்லியனுப்பினார். அவர் பழைய காலத்து மனிதர், தம் பொருளைத்தான் உயர்வாக எண்ணுவார் என்று நினைத்து நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் மாலை வாத்தியார் உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்தார். கூடத்தைத் திறந்து வைத்திருந்த பெரிய பையன் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். நண்பர்கள் இருவரும் ஸ்பாரிங் செய்யத் தொடங்கினர். தலைக்காப்பு அணியவில்லை. என் மகன் தன் சொந்தக் கையுறையை மாட்டிக்கொண்டான். சொந்தமாக இல்லாத நண்பன் கூடத்தின் பழைய 16 அவுன்ஸ் கையுறையை அணிந்துகொண்டான்.

இரண்டாம் சுற்றில் என் மகனின் வலக்கை நண்பனின் இடப் புருவத்தில் பட்டது. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மருத்துவமனையில் 5 தையல்கள் போட்டார்கள். வீட்டுக்கு வந்த பையன் இரவு 10 மணி அளவில் தலை வலிக்கிறது என்றான். இரு முறை வாந்தி எடுத்தான். மீண்டும் மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும் வரை அந்தத் தாய் அமரவே இல்லை. மூளை அதிர்ச்சி அடைந்திருக்கிறது. தலைவலியும் மயக்கமும் முற்றிலும் நீங்கி, தாம் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை தலையில் அடிபடக்கூடிய எதையும் செய்யலாகாது என்றார் மருத்துவர். இரண்டு வாரங்களில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்காக அந்தப் பையன் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடிக்கொண்டிருந்தவன். அந்த வாய்ப்பு அவனுக்கு அத்துடன் போயிற்று.

மறுநாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மகனும் உடன் வந்தான்; வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கால் எழாமல் நின்றான். “உள்ளே வாடா, உன் இடம்தானே” என்று அந்தத் தாய்தான் அழைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, அவன் வேண்டுமென்று அடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியாதா? ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு தடிமனான கையுறை போட்டுக்கொண்டுதானே அடிக்கிறார்கள்? பிறகு எப்படி இப்படிக் கிழியும்?” என்று கேட்டார்.

என்னால் விடை சொல்ல இயலவில்லை. என் மகனின் முகத்தைப் பார்த்தேன். அவனும் இரண்டு சுற்றுகள் அடி வாங்கியவன்தான். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு கருநிறக் கையுறையுடன் வாத்தியாரிடம் சென்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடியவில்லை. கையுறையைத் தம் கையில் மாட்டிக்கொண்டு, கையை மடக்கி என் முன் நீட்டினார். “உங்கள் கட்டை விரலால் இங்கே அழுத்துங்கள்” என்றார். அழுத்தினேன். உள்ளே இருந்த ஃபோம் நொறுங்கிய அப்பளம் போல் அமுங்கியது. அவருடைய முட்டி எலும்பு என் விரல் நுனியில் தட்டுப்பட்டது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலெழவில்லை. பிறகு கூடத்தின் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு நீட்டினார். எவ்வளவு அழுத்தியும் எலும்பு தட்டுப்படவில்லை.

“இந்தக் கறுப்பு உறையை யாருக்காக வாங்கினீர்கள்?” என்று கேட்டார்.

“என் மகனுக்காகத்தான்.”

“அங்கேதான் பிசகு. மூட்டையை அடிக்கும் கையுறையை நம் கைக்காக வாங்க வேண்டும். ஸ்பாரிங் கையுறையை எதிரே நிற்கிறவன் முகத்துக்காக வாங்க வேண்டும். உங்கள் மகன் முகத்தை அந்தப் பையன் போட்டிருந்த உறை காப்பாற்றியது. அந்தப் பையன் முகத்தை யார் காப்பாற்றுவது?”

அன்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். கையுறையின் மேல் எழுதப்பட்டிருக்கும் 8, 10, 12, 14, 16 என்னும் எண்கள் கையின் அளவைக் குறிப்பவை அல்ல. ஒவ்வோர் உறையின் எடையைக் குறிப்பவை. ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். ஆகவே 10 அவுன்ஸ் என்றால் சுமார் 280 கிராம். 16 அவுன்ஸ் என்றால் சுமார் 450 கிராம். எடை கூடுகிறது என்றால் உள்ளே மெத்தை கூடுகிறது என்று பொருள். மெத்தை கூடினால் அடியின் வேகம் குறையும். விழும் அடியும் பரந்து விழும். அமெச்சூர் போட்டிகளில் எடை குறைந்த பிரிவினர் 10 அவுன்சும் எடை மிகுந்த பிரிவினர் 12 அவுன்சும் அணிகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் போட்டி என்பது நடுவரும் மருத்துவரும் சூழ்ந்திருக்க, ஆண்டுக்குச் சில முறை, சில நிமிடங்கள் நடப்பது. பயிற்சியோ வாரந்தோறும் நடப்பது. அதனால்தான் பயிற்சிக்குக் கனமான உறை வேண்டும். கூடத்துக்குக் கூடம் இந்தக் கணக்கு சற்று மாறுபடும். எங்கள் வாத்தியாரின் கணக்கில் 50 கிலோவுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 12 அவுன்ஸ், அதற்கு மேல் 14, 60 கிலோவைத் தாண்டினால் 16. என் மகனின் எடை 62 கிலோ.

நான் செய்த தவறு எடையோடும் முடிந்துவிடவில்லை. மூட்டையை அடிக்க அடிக்க ஃபோம் நாளடைவில் செத்துப்போகும். நான்கு மாதங்கள் மூட்டையில் அடித்து நைந்த உறையை அணிந்துகொண்டு மனித முகத்தின் முன் நிற்பது பெருந்தவறு. மூட்டைக்கு ஓர் இணை, ஸ்பாரிங்குக்கு ஓர் இணை என்று தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியாரின் சட்டம். என் மகன் அதைப் பல முறை வீட்டில் சொல்லியிருந்தான். கேட்காதவன் நான்.

பிற்பாடு இதைப் பற்றி நான் தேடிப் படித்தபோது ஒன்றை அறிந்து வியந்தேன். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜாக் பிராட்டன் என்ற புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் இருந்தார். 1743ஆம் ஆண்டு இந்த விளையாட்டுக்கு முதன்முதலாக விதிகளை எழுதியவர் அவர்தான். அந்நாளில் போட்டிகள் வெறுங்கையால்தான் நடந்தன. ஆனால் தம்மிடம் பயில வந்த மாணவர்களுக்கென்று மெத்தை வைத்த உறைகளை அவர் ஏற்படுத்தினார். கண் வீங்காமலும், தாடை உடையாமலும், மூக்கில் இரத்தம் வராமலும் அவர்கள் பழக வேண்டும் என்பதே நோக்கம். ஆக, இந்த விளையாட்டில் மெத்தை உறை நுழைந்தது எதிரியை வெல்வதற்காக அன்று. உடன் பயில்பவனைக் காப்பதற்காகவே. குயின்ஸ்பெரி விதிகள் என்று பெயர் பெற்ற 1867ஆம் ஆண்டின் விதிகள்தாம் போட்டியிலும் கையுறையைக் கட்டாயமாக்கின. அந்த உறைகள் போதிய அளவுடையனவாகவும், தரத்தில் சிறந்தனவாகவும், புதியனவாகவும் இருக்க வேண்டும் என்று அவை வற்புறுத்தின. ‘புதியன’ என்ற சொல்லைப் படித்தபோது செத்துப்போன ஃபோமின் மேல் நான் வைத்த என் கட்டை விரல் நினைவுக்கு வந்தது.

மற்றொரு நிகழ்ச்சியையும் படித்தேன். அது துயரமானது. 1983ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் பில்லி காலின்ஸ் என்ற 21 வயது இளைஞர் லூயிஸ் ரெஸ்டோ என்பவரோடு மோதினார். அதுவரை தோல்வியே அறியாதவர் காலின்ஸ். பத்துச் சுற்றுகளின் முடிவில் அவர் முகம் அடையாளம் தெரியாதபடி வீங்கியிருந்தது. அவருக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தந்தையே. போட்டி முடிந்ததும் மரபுப்படி அவர் ரெஸ்டோவின் கையைப் பற்றினார். பற்றியவர் விடவில்லை. கையுறைக்குள் மெத்தையே இல்லை என்று கூவி நடுவர்களை அழைத்தார். இரு உறைகளிலிருந்தும் மெத்தையின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்தது பின்னர் உறுதியாயிற்று. ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிசும் 1986இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றனர். ஆனால் காலின்சின் கண் பழுதடைந்து அவர் விளையாட்டு வாழ்வு முடிந்துபோயிற்று. 1984ஆம் ஆண்டு மார்ச் மாதம் கார் விபத்தில் அவர் உயிரிழந்தார்.

அவர்கள் வஞ்சகமாகச் செய்தார்கள். நான் அறியாமையால் செய்தேன். வேறுபாடு பெரிதுதான். ஆயினும், அடி வாங்கும் முகத்துக்கு அந்த வேறுபாடு தெரியுமா? மெத்தையை எடுத்தவன் எடுத்ததும், மெத்தை போய்விட்டதா என்று பார்க்காதவன் பாராததும் ஒரே எலும்பில் போய் முடிகின்றன. இந்த எண்ணம் பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை.

இன்னும் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு சிறந்த கையுறையானாலும் அது மூளையை முற்றிலும் காக்காது. கையுறை தோல் கிழிவதையும், அடிப்பவனின் விரலெலும்பு முறிவதையும் பெரிதும் குறைக்கிறது. தலை குலுங்கும்போது மண்டை ஓட்டுக்குள் மூளையும் குலுங்குவதை அதனால் தடுக்க இயலாது. தலைக்காப்பும் வெட்டுக் காயங்களைக் குறைக்குமேயன்றி, மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடாது. ஆகவே உறை கனமாக இருக்கிறது என்ற துணிவில் ஓங்கி அடிப்பதும் தவறே. அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘ஆண் பிள்ளை, தாங்கிக்கொள்வான்’ என்று சொல்லிப் படுக்க வைத்துவிடலாகாது.

ஆறு வாரங்கள் சென்றன. நண்பன் நலம் பெற்றான். பயிற்சிக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் ஒப்புதல் அளித்தார். மறு வாரம் புதிய கையுறை வாங்கப் பெரியமேட்டுக்குப் புறப்பட்டோம். இம்முறை மூவராகச் சென்றோம். நண்பனையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சொன்னவன் என் மகன். “அப்பா, அடி வாங்கப் போகிறவன் அவன்தானே? அவனே பார்த்து எடுக்கட்டும்” என்றான். 16 வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவு எங்கிருந்து வந்தது என்று எண்ணினேன். வேறெங்கிருந்தும் அன்று, நண்பனின் புருவத்திலிருந்துதான்.

வாத்தியார் சொல்லியனுப்பியபடி, கைகளில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்ட பின்னரே என் மகன் உறைகளை மாட்டிப் பார்த்தான். பட்டை இல்லாமல் வெறுங்கையில் பொருந்துவது பட்டையோடு இறுகிப்போகும். விரல் நுனிகள் உறையின் உச்சியை மெல்லத் தொட வேண்டும். மடங்கி நெருக்கவும் கூடாது, உள்ளே கை ஆடவும் கூடாது. வலிந்து இறுக்காமலே முட்டி மடங்க வேண்டும். மணிக்கட்டை உறை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். பெருவிரல் உறையின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தோம். தனியே நீட்டிக்கொண்டிருந்தால் எதிரே நிற்பவன் கண்ணில் அது குத்தக்கூடும். தன் பெருவிரலும் சுளுக்கிக்கொள்ளும்.

நாடா கட்டும் உறை கையோடு நன்கு பொருந்தும். ஆனால் கட்டிவிட மற்றொருவர் வேண்டும். ஒட்டுப்பட்டை வைத்தது பயிற்சிக்கு வசதி. ஆனால் பட்டையின் நுனி பிரிந்து நின்றால் அதுவே நண்பனின் கன்னத்தைக் கீறிவிடும். நாங்கள் ஒட்டுப்பட்டையையே எடுத்தோம். ஸ்பாரிங்குக்கு முன் அதன்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியாரின் ஏற்பாடு. ரெக்சின் நாளடைவில் வெடித்து அதன் விளிம்பு கத்தி போல் ஆகிவிடும் என்பதால், பணம் சற்று மிகுந்தாலும் தோல் உறையே நல்லது என்றார் கடைக்காரர். என் கருநிறக் கையுறையின் முட்டிப் பகுதியில் அத்தகைய வெடிப்பு ஒன்று இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன்.

பிறகு நண்பனின் முறை வந்தது. என் மகன் மாட்டியிருந்த ஒவ்வோர் உறையையும் அவன் தன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். எலும்பு தட்டுப்படுகிறதா, அழுத்திய இடம் உடனே மேலெழுகிறதா என்று பொறுமையாகச் சோதித்தான். நான்காவதை அழுத்திவிட்டு, என் மகனின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தின்மேல் வைத்துக்கொண்டான். தையல் தழும்பு இருந்த பக்கத்துக் கன்னம் அது. “இது சரி” என்றான். சிவப்பு நிறம், 16 அவுன்ஸ், தோல்; 3,600 ரூபாய். அந்தப் பையனின் எடைக்கேற்ப 14 அவுன்சில் அவனுக்கும் ஓர் இணையை வாங்கினேன். மருத்துவச் செலவை ஏற்க அவர்கள் என்னை விடவில்லை. இதையாவது விட்டார்களே என்று மனம் சற்று ஆறுதல் அடைந்தது.

புதிய பொருளைப் பேணும் முறையையும் வாத்தியார் கற்றுக் கொடுத்தார். பயிற்சி முடிந்ததும் உறையைப் பைக்குள் போட்டு மூடி வைக்கக் கூடாது. ஈரத் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். கடும் வெயிலில் காயப்போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு முறை கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.

கடையிலிருந்து நேரே நண்பனின் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாய் தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் மகனின் சிவப்பு உறையைக் கையில் வாங்கினார். முதலில் தையலைப் பார்த்தார். உள்மடிப்பை விரித்துப் பார்த்தார். “இரட்டைத் தையல் போட்டிருக்கிறான், பிரியாது” என்றார். அதன் பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, தம் கட்டை விரலால் முட்டிப் பகுதியை அழுத்தினார். விரலை எடுத்துவிட்டு அந்தக் குழி மேலெழுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணே. முதலிலேயே இதை வாங்கியிருக்கலாமே” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. துணி எடுக்கத் தெரியாமல் எடுத்து வந்த வாடிக்கையாளரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். இருந்தும் நான் தலை குனிந்தேன். கடைக்காரர் கேட்கச் சொன்னார், வாத்தியார் சொல்லியனுப்பினார், மகன் வீட்டில் வந்து சொன்னான். மூவர் சொல்லியும் கேளாதவனுக்கு அந்தத் தாயின் ஒரு சொல் போதுமானதாயிற்று.

பிள்ளைகள் இருவரும் இப்போது மீண்டும் ஒன்றாகப் பயில்கிறார்கள். வாத்தியார் இல்லாமல் ஸ்பாரிங் செய்வதில்லை. நண்பனின் இடப் புருவத்தில் தையல் போட்ட இடத்தில் மட்டும் மயிர் முளைக்கவில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்து என் மகனோடு அமர்ந்து உண்ணும்போதெல்லாம் என் பார்வை அந்தச் சிறு கோட்டின்மேல் செல்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கக் கடைக்குப் போகும்போது, அதன் மறுபுறத்தில் யார் நிற்பார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.